பளபளக்கிற தோட்டாவை வாங்கி ஏமாந்தேன், லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பார்த்து வாங்குங்கள்

கீழே சமவெளியில் ஒரு கடையில் .315 தோட்டா 20 வாங்கினேன். ரேஞ்சில் 6 சுட்டேன், அதில் 4-இன் கூடு (வெடிமருந்து அடைத்த பித்தளை உறை), குண்டைப் பிடிக்கிற கழுத்தில், வாயிலிருந்து தோள் (உறை அகலமாகிற இடம்) வரை நெடுக்காகப் பிளந்து வெளியே வந்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் என்னைப் போல அப்பன் பாட்டன் துப்பாக்கியை வைத்துக்கொண்டிருப்பவர்கள் சிலர் அதே கடைக்குத்தான் போகிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

ரைஃபிள் அப்பாவுடையது, ஈஷாபூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. அவர் போன பிறகு லைசென்ஸை என் பெயருக்கு மாற்றி, வருஷத்துக்கு ஒருமுறை நாலைந்து சுட்டுப் பார்த்து, துடைத்து எண்ணெய் போட்டு வைப்பதோடு சரி. இந்தத் தடவை கடைக்காரர் பெட்டியே கொடுக்கவில்லை. “பெட்டி நமுத்துப் போச்சு சார், சரக்கு புதுசுதான்” என்று ஒரு பொட்டலத்தில் எண்ணிப் போட்டார். பெட்டி நமுத்துப்போகிற அளவுக்குக் கிடந்த சரக்கு எப்படிப் புதுசாகும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் தோட்டா ஒவ்வொன்றும் அப்படி மின்னியது.

பிளந்த கூடுகளை வீடியோ காலில் அண்ணன் மகனிடம் காட்டினேன். நியூசிலாந்தில் இருக்கிறான், அங்கே சட்டப்படி சுட்ட கூட்டையே மறுபடி நிரப்பிச் சுடுகிறவன். (இங்கே தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும், 1959 ஆயுதச் சட்டம், அந்த வேலைக்கு யாரும் இறங்க வேண்டாம்.) அவன் கேட்ட முதல் கேள்வி, “சித்தப்பா, பிளவு நெடுக்கா, குறுக்கா?” அடிப்பக்கம் விளிம்புக்குச் சற்று மேலே குறுக்காக அறுந்திருந்தால் துப்பாக்கியையும் சந்தேகப்பட வேண்டுமாம், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையில் இடைவெளி கூடிப்போய்க் கூடு இழுபட்டிருக்கும். கழுத்தில் நெடுக்காக என்றால் பித்தளை முறுகிவிட்டது.

கன்னாரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பித்தளையைத் தட்டத் தட்ட இறுகும், நடுவில் நெருப்பில் காய்ச்சி இளக்காமல் தட்டிக்கொண்டே போனால் விளிம்பு கிழியும். கூட்டின் கழுத்தும் அப்படித்தான், சுடும்போது விரிகிறது, மறுபடி நிரப்புகிறவன் அச்சில் விட்டு இறுக்குகிறான், பல தடவை ஆனால் காய்ச்சிப் பதம் கொடுக்காமல் தாங்காது. “ஆனா உங்க கூடு இதுக்கு முன்னாடி சுடவே இல்லைன்னு சொல்றீங்க, முதல் சூட்டிலேயே வாய் பிளந்தா அது வேற வியாதி, லென்ஸ் வெச்சு மீதியைப் பாருங்க” என்றான்.

பார்த்தேன். மீதி 14-இல் இரண்டில், சுடாமலே, கழுத்தில் முடி போல ஒரு கோடு. குண்டும் கழுத்தும் சேருகிற இடத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. அடியில் விளிம்பை ஒட்டிய பள்ளத்திலும் அதே மாவு. விளக்கு துலக்குகிற பாலிஷ்! பழைய சரக்கைத் தேய்த்துப் புதுசாக்கியிருக்கிறார் மனுஷன்.

கொடுமை என்னவென்றால் பித்தளை பாலிஷ் பலவற்றில் அம்மோனியா இருக்கும், இறுக்கத்தில் இருக்கிற பித்தளைக்கு அம்மோனியாவும் ஈரமும்தான் எமன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டன, குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கம் எழுதினார்கள். ஆடி மாதத்து நம்ம ஊர் ஈரத்தைச் சொல்ல வேண்டியதில்லை, பீரோவுக்குள் செருப்பே பூஞ்சை பிடிக்கிறது. மாட்டுக்கொட்டகை ஒட்டிய அறையில் தோட்டா வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள்.

கழுத்து மட்டும் பிளந்தால் பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, அறைக்குள்ளேயே அடங்கிவிடும். பிளவு தோளைத் தாண்டி உடம்புக்கு இறங்கினால் அப்படிச் சொல்ல முடியாது, சூடான வாயு பின்னால் முகத்துக்கு வரும். என் கூடு நாலிலும் தோளோடு நின்றது என் அதிர்ஷ்டம். பெட்டியும் அதில் ஆண்டும் இல்லாமல் வாங்காதீர்கள். மங்கலாக, பழுப்பேறி இருப்பது குற்றமில்லை. அப்புறம், தெரிந்தவர் ஒருவர் “கழுத்தை லேசா அடுப்பில் காட்டினா சரியாயிடும்” என்றார். சாமி, காய்ச்சுவது காலிக்கூட்டைத்தான். மருந்து நிரப்பிய தோட்டாவை நெருப்பில் காட்டினால் வெடிக்கும்.

கடைக்காரரிடம் போனேன். “உங்க துப்பாக்கி பழசு சார், தோட்டா வித்தா வாபஸ் கிடையாது” என்றார். சுடாத தோட்டாவில் இருந்த கோட்டைக் காட்டியதும் லென்ஸை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். 14-ஐயும் பிளந்த கூடுகளையும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தேன். பொட்டலத்தைப் பிரித்த ஏட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “என்ன சார், குத்துவிளக்கு மாதிரி இருக்கு?”