சத்துமாவை விட்டுக் கேழ்வரகுக்கு வந்த கதை: ஜோஹன்னஸ்பர்க்கில் மூன்று வருஷம்

அம்மா மதுரையிலிருந்து வந்தபோது பெட்டியில் இரண்டு கிலோ சத்துமாவு இருந்தது. பதினாறு சாமான் போட்டு அரைத்தது. கேழ்வரகு, கம்பு, சம்பா கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார். 2023 பிப்ரவரி, மூத்தவளுக்கு ஆறு மாதம் முடிந்து நாலே நாள். மூன்றாவது வேளைக் கஞ்சியில் வாயைச் சுற்றிச் சிவந்து தடித்துவிட்டது. "புதுசா என்ன கொடுத்தீங்க?" என்றார் டாக்டர். பதினாறையும் ஒப்பித்தேன். எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டார்.

முந்திரிதான் காரணம் என்று பிற்பாடு, அவர் மேற்பார்வையில் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்ததில் தெரிந்தது. ஆனால் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், ஒரு வயது வரைக்கும் ஒற்றைத் தானியம்தான் என்று. இப்போது இரண்டாவது பிள்ளைக்கும் அதே கஞ்சிதான் ஓடியது. சத்துமாவுக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு சாமானும் தனியாக ஒத்துக்கொண்ட பிறகு எதைக் கலந்தாலும் சரி.

இங்கே சாமான் தேடுவது ஒரு தனி வேலை. இந்தியர்கள் நிறைய இருக்கும் ஃபோர்ட்ஸ்பர்க், லெனேசியா பகுதிக் கடைகளில் கேழ்வரகு என்றால் முழிப்பார்கள். நாச்னி அல்லது நாக்லி என்று கேட்க வேண்டும். மாவு கிடைத்துவிடும், முழுத் தானியம்தான் சில வாரம் இருக்காது. சூப்பர்மார்க்கெட்டில் 'மபேலே' என்று போட்டு, பழுப்பாக இருந்த மாவைக் கேழ்வரகு என்று நம்பி ஒரு பொட்டலம் வாங்கியும் வந்தேன். அது சோளம், மக்காச்சோளம் இல்லை, நம்ம பழைய சோளம். இந்த ஊரில் காலைக் கஞ்சிக்கு வாங்கும் மால்டபெல்லாகூட முளைகட்டிய சோளமாவுதான். நல்ல சாமான், ஆனால் நான் தேடியது இல்லை.

வழி காட்டியது பக்கத்து வீட்டு ஜிம்பாப்வே அக்கா. நான் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த மூட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ரப்போகோ!" என்று சிரித்தார். கேழ்வரகுக்கு அங்கே அதுதான் பேர். அவர் ஊரில் அதில் கஞ்சியும் காய்ச்சுவார்களாம், பீரும் காய்ச்சுவார்களாம். என்னமோ மதுரைச் சரக்கு என்று நான் பெருமையாக இருந்தேன். கேழ்வரகு பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில், நமக்கு அது வந்து சேர்ந்த பயிர். இப்போது ஊர் போய்வரும் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே வரவழைத்துத் தருகிறார். கல் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி அரித்தால் அடியில் சரசரவென்று சத்தம் கேட்கும். அது நிற்கிற வரைக்கும் அரிக்கணும்.

முளைகட்டுவதில்தான் நான் நிறைய அடி வாங்கினேன். நாலைந்து தடவை கழுவி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து வெள்ளைத் துணியில் கட்டுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேல் மதுரைக் கணக்கு இங்கே செல்லாது. பிப்ரவரி இங்கே மழைக்காலம். காலையில் வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு இடி, சில நாள் ஆலங்கட்டி. முதல் தடவை மாடியில் காயப்போட்டது நனைந்தது. இரண்டாம் தடவை ஓவனில் குறைந்த சூட்டில் வைத்தேன். அந்த வருஷம் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தது. கரண்ட் போய் நாலு மணி நேரம் கழித்துத் திறந்தால் புளித்த வாடை. முளையில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கழுவிக் காயவைத்துவிடலாம் என்று அம்மா சொன்னார். பூசணம் பிடித்த தானியத்தைக் கழுவினாலும் வறுத்தாலும் அதிலுள்ள நச்சு முழுசாகப் போகாது. அரைக் கிலோவையும் குப்பையில் கொட்டினேன், மனசே இல்லாமல்தான்.

சின்னவனுக்கு ஆரம்பித்தது 2025 மே மாதம், இங்கே குளிர்காலம் தொடங்குகிற நேரம். ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் மழை அபூர்வம். காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கும், வெயிலும் பளிச்சென்று அடிக்கும். காயவைக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் குளிருக்கு முளை வர மாட்டேன் என்கிறது. ஊரில் ஒரே நாளில் வருவதற்கு இங்கே மூன்று நாள் ஆனது. கடைசியில் ஓவன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தேன், சூடு போடாமல். ஒன்றரை நாளில் அரிசி முனை அளவுக்கு வெள்ளை வால் வந்துவிட்டது. அதோடு நிறுத்திவிட வேண்டும், நீள விட்டால் கசக்கும். ஜூன், ஜூலையில் நாலு கிலோ காயவைத்து ஃப்ரீசரில் போட்டுவிட்டேன். அரைப்பது மட்டும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக.

அடுப்பில் இன்னொரு விஷயம். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதி வந்ததைப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் இறக்கினால் பச்சை வாடை போகாது. சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கிண்டுகிறேன். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டால் கட்டி விழாது.

மூத்தவளிடம் நான் செய்த பெரிய தப்பு, கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சியது. டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற பதம். வயிறு ரொம்பியதும் வாயை மூடிக்கொள்வாள், ஆனால் எடை ஏறவில்லை. கிளினிக்கில் சிஸ்டர் பிள்ளையின் எடையைக் குறிக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் கோட்டை வரைந்து காட்டி, கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னார். ஒழுகி ஓடினால் அது சாப்பாடு இல்லை, தண்ணீர். குட்டி வயிற்றில் இடமே கொஞ்சம், அதைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் சத்துக்கு எங்கே போவது?

கெட்டியாகக் காய்ச்சினால் ஏழு மாதக் குழந்தை தொண்டையில் இறங்காமல் ஓங்கரிக்கும். இங்கேதான் முளைகட்டியதின் அருமை தெரிந்தது. முளைக்காத மாவில் கரண்டி நட்டால் நிற்கிற மாதிரி கஞ்சி காய்ச்சி, விரல் வைத்தால் சுடுகிற பதத்துக்கு ஆறவிட்டு, வறுக்காத முளைமாவு கால் ஸ்பூன் தூவிக் கலக்குவேன். முதலில் ஒன்றும் தெரியாது. மூன்று நிமிஷத்தில் நட்டுவைத்த கரண்டி மெல்லச் சாய்ந்து பாத்திரத்தின் விளிம்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, கஞ்சி இளகிவிடும். முளைக்கும்போது ஊறுகிற அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் இப்படி. மாவு அளவு அதேதான், விழுங்குவதுதான் சுலபம். பிறகு மறுபடி அடுப்பில் வைத்து இரண்டு மூன்று நிமிஷம் கொதிக்கவிடணும், பச்சை முளைமாவில் கிருமி இருக்கும். முளைமாவை வாசம் வரும்வரை வறுத்துவிட்டால் இந்த வித்தை பலிக்காது. அது தெரியாமல் ஒரு டப்பா வறுத்து வீணடித்திருக்கிறேன்.

கேழ்வரகை அரைத்துத் துணியில் பால் பிழிந்து காய்ச்சுவதை முதல் வாரத்தோடு நிறுத்திவிட்டேன். சக்கையோடு பாதிச் சத்தும் போகிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. ராகியில் கால்சியம், ராகியில் இரும்பு என்று ஊரே சொல்கிறது. கால்சியம் உண்மைதான், 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம். ஆனால் என் பிள்ளை ஒரு நாளைக்குச் சாப்பிட்டது 20 கிராம் மாவு. அப்படியானால் 70 மில்லிகிராம். இரும்பு 100 கிராமுக்கே 4 மில்லிகிராம் சொச்சம், 20 கிராமில் ஒன்றுகூட வராது. இந்த வயதுக்கு அமெரிக்கக் கணக்கில் ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் வேண்டும். உள்ளதையும் தானியத்திலிருக்கிற ஃபைட்டேட் என்ற பொருள் உடம்பில் சேரவிடாது. முளைகட்டினால் அது குறையும், ஒழியாது. மூத்தவளுக்குப் பத்தாவது மாதம் ஹீமோகுளோபின் குறைவு என்று மருந்து எழுதினார்கள். ராகிக்கஞ்சி கொடுத்த வீட்டில் எப்படி என்று நான் ஆடிப்போய்விட்டேன். சின்னவனுக்கு ஏழாம் மாதத்திலிருந்தே முட்டை, மசித்த கோழிக்கறி, வாரம் ஒருநாள் கோழி ஈரல். ஈரல் இங்கே சல்லிசு. கஞ்சியோடு கொய்யா விழுது. குளிர்காலத்தில் கொய்யா தெருவெல்லாம் கிடைக்கும், விதையை வடித்துவிட்டால் போதும். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைச் சேரவைக்கும். இவனுக்கு ரத்தம் சரியாக இருந்தது.

ருசி விஷயத்தில் அம்மாவோடு இன்னும் வழக்கு முடியவில்லை. "ஏண்டி, உப்பு இல்ல, சர்க்கரை இல்ல, ஆஸ்பத்திரிக் கஞ்சியா அது?" என்று வீடியோ காலில் கேட்பார். ஒரு வயது வரைக்கும் இரண்டும் போடவில்லை, தேனும் கிடையாது. வேகவைத்த பட்டர்நட் பூசணி ஒரு கரண்டி மசித்துப் போட்டால் தானாகவே தித்திக்கும். பனங்கற்கண்டு வந்து சேர்ந்தது, அதை நானும் வீட்டுக்காரரும் பாலில் போட்டுக் குடித்துத் தீர்த்தோம்.

மறுபடி செய்வேனா என்றால், செய்வேன், ஆனால் குளிர்காலத்தில். மழைக்காலத்தில் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகிறவர்கள் கடை மாவை வாங்கிச் சலித்துக் காய்ச்சினாலே போதும். முளைமாவு ஒரு கைப்பிடி இருந்தால் ஒரு மாதம் வரும்.

லெனேசியாவில் ஒரு ஆயா இருக்கிறார். தமிழ் அவருக்குக் கஞ்சி, பாப்பா, சாமி என்ற அளவில்தான், ஆனால் ஆடி மாதத்தைத் தவறவிட்டதில்லை. அம்மனுக்குப் புளித்த கூழ் ஊற்றுவதை இங்கே எல்லாரும் 'பாரிட்ஜ் பிரேயர்' என்றே சொல்கிறார்கள், பல வீட்டில் மக்காச்சோள மாவில் காய்ச்சுகிறார்கள். இந்த வருஷம் கேழ்வரகில் காய்ச்ச ஆசை என்று இரண்டு கிலோ மாவு கேட்டிருக்கிறார். மறக்காமல் முளைகட்டாததைத் தனியாக அரைக்க வேண்டும். கை மாறி முளைமாவு போய்விட்டால் அண்டாவில் கூழ் நிற்காது.