மூதூர் கட்டைபறிச்சான் ரோட்டில போர்டு இல்லாத ஒரு பைக் கராஜ், நாலு வருசத்துக்கு மேல போய்வந்த அனுபவம்

நான் திருகோணமலை டவுணில ஒரு சின்ன சபையில உபதேசியாரா இருக்கிறன். கிழமையில ரெண்டு நாள் மூதூர் கிழக்குப் பக்கம் வீடு சந்திக்கப் போறது வழக்கம், பாட்டாளிபுரம், நல்லூர், சந்தனவெட்டை எண்டு உள்ளுக்குள்ள கிடக்கிற ஊர்கள். அந்தப் பக்கம் பைக்கில போற ஆக்கள் கனபேர் இருக்கிறாங்க, மிட்வைஃப், கிராம சேவையாளர், மீன் ஏத்தப் போறவங்க, லோன் காசு சேக்கப் போற பொடியன்மார், எல்லாருக்கும் பிரயோசனப்படட்டும் எண்டுதான் இதை எழுதுறன்.

மூதூர் டவுணைத் தாண்டி கட்டைபறிச்சான் பக்கம் போற ரோட்டில, வேப்பமரத்துக்குக் கீழ நாலு தகரம் போட்ட இடம். ஒரு கொம்ப்ரசர், ஒரு மர வாங்கு, தண்ணி நிரப்பின அரை பரல், அவ்வளவுதான். வச்சிருக்கிறவருக்கு அறுபது வயசு இருக்கும், எல்லாரும் நானா (முஸ்லிம் ஆக்கள் அண்ணனுக்குச் சொல்றது) எண்டுதான் கூப்பிடுறது, நானும் அப்படித்தான். அவர் என்னை பாதர் எண்டுவார், நான் பாதர் இல்ல நானா உபதேசியார் எண்டு ரெண்டு மூண்டு தரம் சொன்னன், பிறகு விட்டுட்டன்.

முதல் தரம் போனது பஞ்சரால. அதுக்கு முந்தி டவுணில ஒரு பெரிய கடையில பின் ரயர ஒட்டினன், மூண்டு நாளில திரும்பக் காத்துப் போய்ட்டு, திரும்ப ஒட்டினன், அடுத்த கிழமை சந்தனவெட்டையில இருந்து வரக்குள்ள நடு மணலில திரும்பவும் போய்ட்டு. மத்தியானம் ஒரு மணி வெயில், மணல் ரோட்டில காத்தில்லாத பைக்கத் தள்ளிப் பாத்தவங்களுக்குத் தெரியும், சில்லு உருளாது, உழும். நாலு கிலோமீற்றர் தள்ளி, பிறகு ஒரு லான்ட்மாஸ்ரர், அதான் ரெண்டு சில்லு உழவு மெசின், அதிட பெட்டியில ஏத்தி, இந்த மரத்தடிக்கு வந்து சேந்தன். நானா ரியூப பரல் தண்ணியில அமத்திக் காத்து வாற இடத்தக் கண்டார், ஆனா உடனே ஒட்டேல்ல. ரயருக்குள்ள கைய விட்டு விரல் நுனியால சுத்திவர மெதுவாத் தடவிக்கொண்டு போனார், அரைச் சுத்து போனதும் கை நிண்டுட்டு, குறடால எதையோ பிடிச்சு இழுத்தார். ஒரு ஈச்ச முள்ளு நுனி, அரிசியில பாதி அளவு. வெளியால பாத்தா தெரியாது, உள்ளுக்குள்ள ரியூப மட்டும் குத்திக்கொண்டு இருந்திருக்கு. ரெண்டு தரம் காசு வாங்கின கடையில ஒருத்தரும் ரயருக்குள்ள கை விட்டுப் பாக்கேல்ல. பிறகு ரியூப நல்லா உரஞ்சி, சொலூஷன் பூசி, அது காயுமட்டும் எனக்கு ஒரு பிளேன்ரீ சொல்லிவிட்டு, காஞ்ச பிறகுதான் ஒட்ட வச்சு சுத்தியலால தட்டினார். ஈரத்தில ஒட்டினா மணல் சூட்டுக்குக் கழண்டிரும் எண்டார். அந்த ஒட்டு ரயர் மாத்துற வரைக்கும் நிண்டது.

வேலை முடிஞ்சு நான் காசு எடுக்கக்குள்ள அவர் கேட்ட கேள்வி, "எங்க போற பைக் இது?" எண்டு. நான் ஊர்ப் பேருகளச் சொன்னன். உடனே செயினப் பிடிச்சு ஆட்டிப் பாத்தார், பின் பிறேக் ட்ரம்மக் கழட்டி உள்ளுக்கு இருந்த மணலத் தட்டினார், பிறகு காத்தக் கொஞ்சம் இறக்கி விட்டார். மணலுக்கு இவ்வளவு காணும், இதுக்கு மேல இறக்கினா ரயர் சுத்தி ரியூப் வால்வப் பிச்சிரும், தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப வந்து அடிச்சிட்டுப் போங்க எண்டார். இத்தனை வருசம் பைக் ஓடுறன், எந்தக் கடையிலயும் இந்தக் கேள்விய என்னட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. ஓடப்போற ரோட்டுக்கு ஏத்த மாதிரி பைக்கச் செய்து குடுக்கிறவர் எண்டதுதான் நான் இந்தக் கடையப் பத்தி முதல்ல சொல்ல வாற விசயம்.

இப்ப டவுணில இருந்து மூதூர் போறது பெரிய வேலையில்ல. 2009 இல கிண்ணியாப் பாலம் வந்துட்டு, 396 மீற்றர் நீளம், பிறகு மற்ற ஆறுகளுக்கும் பாலம் போட்டுட்டாங்க. எங்கட பழைய உபதேசியார் ஒருவர் சொல்லுவார், அந்தக் காலத்தில பாதைக்கு, அதான் ஆறு கடத்திற மிதவைக்கு, காத்துக் கிடந்தே நாள் போயிருமாம், சைக்கிளப் பாதையில ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, பின்னேரம் பாதை நிண்டுட்டா அந்தக் கரையிலயே படுக்கையாம். அதுக்கும் முந்தி எண்டா மெதடிஸ்த மிஷனரிமார் 1814 இல வந்து இறங்கின காலம், மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் ஒரு வருசம் முடிய முந்தியே, 1815 இல, அங்கயே செத்துப்போனார். அவர நான் அடிக்கடி நினைக்கிறனான். இண்டைக்கு தார் ரோடும் பாலமும் இருக்கு, ஆனா ரோட்ட விட்டு இறங்கினா கடைசிக் கொஞ்சத் தூரம் அதே மணலும் சேறும்தான், அந்தக் கொஞ்சத் தூரத்திலதான் சனமும் இருக்கு. 2006 இல சண்டையில எழும்பி ஓடி வருசக்கணக்கா முகாமில இருந்திட்டு வந்து திரும்பக் குடிசை கட்டின குடும்பங்கள் அந்தப் பக்கம் எத்தனையோ.

ரெண்டாவது சம்பவம் மாரியில. சந்தனவெட்டைப் பக்கம் ஒரு ஆச்சி, வேடர் சனம், காலில புண் வந்து நடக்க ஏலாம இருந்தவ. அவ சபைக்கு வாற ஆளில்ல, அவங்களுக்கு அவங்கட தெய்வம் சடங்கு எல்லாம் இருக்கு, ஆனா நான் போனா ஜெபம் பண்ணிட்டுப் போ மகன் எண்டு கேப்பா. அந்தக் கிழமை மருந்தும் கொண்டு வாறன் எண்டு சொல்லியிருந்தன். விடியவே மழை, போகாம விட்டிருக்கலாம், ஆனா சொன்ன சொல்லு. ரோட்டுக்குக் குறுக்கால தண்ணி போற போக்குக்கு மேலால முழங்கால் அளவு தண்ணி ஓடுது, மெதுவாப் போயிரலாம் எண்டு இறக்கினன், நடுவில சில்லு ஒரு பள்ளத்தில இறங்க எஞ்சின் ஓஃப். பைக்க விடாமப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், பை தோளில இருந்து நழுவித் தண்ணிக்குள்ள போய்ட்டு, பைபிள், மருந்து, உடுப்பு எல்லாம் அதுக்குள்ள. எப்படியோ பையையும் பிடிச்சு பைக்கையும் கரைக்கு இழுத்தன். கிக் அடிச்சன், அடிச்சன், ஒண்டுமில்ல. ஒரு மேட்டில ஏறி நிண்டா சிக்னல் ஒரு கோடு வந்துது, நானாவுக்கு அடிச்சன்.

அவர் சொன்ன முதல் வசனம், "கிக்க நிப்பாட்டுங்க பாதர், எஞ்சின் தண்ணிய இழுத்திருந்தா கனெக்டிங் றொட் வளைஞ்சிரும், அப்புறம் செலவு தாங்க மாட்டீங்க." ரெண்டாவது வசனம், "தண்ணிக்குக் கிட்ட நிக்காம அந்த மேட்டிலயே இரிங்க, நாம வாறம்." ஒண்டரை மணித்தியாலத்தில மருமகனையும் கூட்டிக்கொண்டு லான்ட்மாஸ்ரரில வந்துட்டார், அந்த மழைக்குள்ள, தலையில ஒரு உரப்பை.

கராஜில வச்சு பிளக்கக் கழட்டினார், பிறகுதான் கிக் அடிக்கச் சொன்னார், பிளக் ஓட்டையால தண்ணி பீச்சி அடிச்சுது. அடுத்தது காபரேற்றருக்குக் கீழ இருக்கிற சின்ன ஸ்குறூவத் தளர்த்தி, வாறத உள்ளங்கையில ஏந்தி எனக்குக் காட்டினார். பெற்றோலுக்கு அடியில தண்ணி தனியா முத்து மாதிரி உருண்டுகொண்டு நிண்டது. இது போகுமட்டும் ஸ்ராட் வராது எண்டு மூண்டு தரம் அப்படி இறக்கினார், மூண்டாம் தரம் கையில முத்து இல்ல. எஞ்சின் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில வந்தது. ஒருக்கா மாத்தி, எஞ்சின ஓட விட்டு, திரும்ப இறக்கி இன்னொருக்கா மாத்தினார். ரெண்டு ஒயிலுக்கும் காசு எடுத்தார், வேலைக்கு 1500 எடுத்தார், வந்து ஏத்தினதுக்கு டீசல் காசு மட்டும் எடுத்தார், அதுவும் நான் விடாமக் குடுத்ததால.

நான் எழுத நினைச்ச முக்கியமான விசயம் இதுதான். என்ட பைக்கோட அவர் மினக்கெட்டுக்கொண்டு இருக்கக்குள்ள நான் பையத் திறந்து நனைஞ்ச பைபிள வாங்கில வச்சன். பக்கம் எல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டிப் போய்ட்டு, அப்பா எனக்குத் தந்த பைபிள் அது, நான் அதப் பாத்துக்கொண்டே இருந்தன். நானா அதக் கண்டார். ஒண்டும் சொல்லாமப் போய் கை ரெண்டையும் சோப் போட்டுக் கழுவினார், நகத்துக்குள்ள கிறீஸ் போகுமட்டும் கழுவினார், ஒரு சுத்தமான துணியில துடைச்சிட்டு வந்து பைபிளத் தூக்கினார். கொம்ப்ரசர் பைப்ப தூரத்தில பிடிச்சு, மெல்லிசாக் காத்த விட்டு, பக்கம் பக்கமாப் பிரிச்சார். கிழியிற மாதிரி இருந்த இடத்தில காத்த நிப்பாட்டிட்டு விரலாலயே எடுத்தார். பிரிச்ச பக்கத்துக்கு மேல ஒரு வாஷர் வச்சு அடுத்ததுக்குப் போறது. அரை மணித்தியாலத்துக்கு மேல. கடையில வேற ரெண்டு பைக் நிண்டது, அவங்களும் ஒண்டும் சொல்லேல்ல. சங்கீதத்தில நாலு அஞ்சு பக்கம் ஓரம் போய்ட்டு, மற்றதெல்லாம் இண்டைக்கும் வாசிக்கிறன். "வேத புத்தகம்தானே பாதர், கவனமாத்தான் தொடோணும்" எண்டார், அவ்வளவுதான்.

மூண்டு நாளைக்குப் பிறகு தண்ணி வத்தி ஆச்சியிட்டப் போனன். நீ தண்ணியோட போயிட்டாய் எண்டு சொன்னாங்க மகன் எண்டு என்ட கையப் பிடிச்சுக்கொண்டு விடேல்ல. எனக்கெண்டு ஒரு போத்தில் தேன் எடுத்து வச்சிருந்தா. அதில பாதி நானா வீட்டுக்குப் போனது.

இன்னொரு தரம் சடங்கு நாள் எண்டு தெரியாமப் போய்ட்டன். வீடு வீடா ஆளில்ல, எல்லாரும் கோயிலடியில. திரும்பப் போவம் எண்டு வெளிக்கிட, அங்கிருந்த பெரியவர் விடேல்ல, வந்த ஆள் சோறு தின்னாமப் போகக் கூடாது எண்டுட்டார். சாப்பிட்டுக் கிளம்ப பின்னேரம் ஆச்சு, அரை மைல் வரக்குள்ள செயின் அறுந்துட்டு. இருட்டினா யானை இறங்கிற ரோடு, அதால திரும்ப அவங்களிட்டயே போய்ப் படுத்தன். ராவெல்லாம் யானை வெடிச் சத்தம். விடிய ஒரு பொடியன் சைக்கிளில அறுந்த செயினக் கொண்டு நானாவிட்டப் போனான். நானா அத நல்ல செயின் லொக் போட்டுச் சேத்து அனுப்பினதோட, அவசரத்துக்கு இருக்கட்டும் எண்டு இன்னொரு லொக், ஒரு பிளக், பிளக் சாவி, கொஞ்சம் கட்டுக்கம்பி, எல்லாம் ஒரு பால்மாப் பேணியில போட்டு அனுப்பியிருந்தார். காசு வரக்குள்ள தாங்க எண்டு சொல்லிவிட்டிருந்தார். அந்தப் பேணி இண்டைக்கும் என்ட பைக் பெட்டியில கிடக்கு.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தையும் சொல்லோணும். பெற்றோலுக்கு கியூஆர் கோட் பங்கீடு வந்து பைக்குக்கு கிழமைக்கு 4 லீற்றர் எண்டு நிண்ட நேரம் எனக்கு ரெண்டு பயணம் ஓட முடியாது. நானா காபரேற்றர எண்ணெய் குறைவாக் குடிக்கிற மாதிரி சரிக்கட்டித் தந்தார், அதோட தன்ட பழைய லுமாலா சைக்கிளையும் தந்தார், பைக்க இங்க நிப்பாட்டிட்டு உள்ளுக்குச் சைக்கிளில போங்க, மிச்சப்படும் எண்டு. ரெண்டு மாசத்துக்கு மேல அப்படித்தான் போனன், சைக்கிளுக்கு ஒரு சதம் எடுக்கேல்ல.

குறையும் இருக்கு, சொல்லத்தான் வேணும். ஆள் தனிய, மருமகன் எப்பவும் இருக்கிறேல்ல, அவசரப்பட்டா வேலை நடக்காது, ஒரு பைக்க முடிக்காம அடுத்ததத் தொட மாட்டார். வெள்ளாமை வெட்டுக் காலத்தில வயலுக்குப் போயிருவார், போன் எடுத்துக் கேட்டுட்டுப் போறது நல்லம். ஒறிஜினல் பார்ட்ஸ் வேணுமெண்டா நீங்களே டவுணில வாங்கிக்கொண்டு போகோணும். புதுசா வாற இன்ஜெக்ஷன் பைக்குகள் தனக்குத் தெரியாது எண்டு அவரே சொல்லி அனுப்பிருவார், அத நான் நல்ல குணமாத்தான் எடுக்கிறன். பில் எழுதித் தரமாட்டார், ஒஃபிஸில கணக்குக் காட்டோணும் எண்டா நீங்க ஒரு கொப்பி கொண்டு போய் எழுதி கையெழுத்து வாங்குங்க, நான் அப்படித்தான் செய்றன். பஞ்சர் ஒட்டுக்கு கடைசியாக் குடுத்தது 300 ரூபா.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜும்ஆவுக்கு மூடுவார், ரெண்டு மணிக்குத்தான் திறக்கிறது. அந்த நேரம் போய்ச் சேந்தீங்களெண்டா வாங்கில இருங்க, பரலுக்குப் பக்கத்தில மண் குடத்தில குடிக்கிற தண்ணி இருக்கும், காத்துப் பைப்பும் வெளியிலதான் தொங்கும், தேவையெண்டா அடிச்சிட்டுப் போகலாம். போர்டு இல்லாததால கண்டுபிடிக்கக் கஷ்டம், மரக் கொப்பில ரெண்டு பழைய ரயர் தொங்குது, ஒண்டுக்கு வெள்ளைப் பெயின்ற் அடிச்சிருக்கு.