257-ல் ஏமாறாத கால்குலேட்டர்

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஸ்டேஷனரி கடையில் 320 ரூபாய்க்கு வாங்கிய பன்னிரண்டு இலக்க மேசைக் கால்குலேட்டர். எனக்குப் பகலில் கொப்பரை மண்டிக் கணக்கு, சாயங்காலம் எட்டாம் வகுப்பு ட்யூஷன். கடைக்காரர், "பத்து இலக்கமே தாராளம் மாஷே, இருநூறுதான்" என்று வேறொன்றை நீட்டினார். சரி, இரண்டையும் வையுங்கள் என்றேன். எந்தக் கால்குலேட்டரையும் 4294967297-ஐப் போட்டுப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

2, × அழுத்தி, = பட்டனை 31 தடவை தட்டி, கடைசியில் 1 கூட்டினால் இந்த எண் வரும். பட்டனுக்கும் அதுவே பரீட்சை. 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்தது இது. ஒவ்வொன்றிலும் 1 கழித்து, வர்க்கப்படுத்தி, 1 கூட்டினால் அடுத்தது. முதல் ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுக்க அப்படித்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் இந்த ஆறாவதை உடைத்தார். இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, 641 என்று ஐந்தே ஐந்து முயற்சி.

193-க்கு 22253716.5647. போகட்டும். 257-ல்தான் கூத்து. பத்து இலக்க மெஷின் 16711935 என்று காட்டி நின்றது, புள்ளிக்குப் பின் ஒன்றுமில்லை. "மிச்சமில்லாமப் போச்சே மாஷே!" என்றார் கடைக்காரர். பன்னிரண்டு இலக்கத்தில் 16711935.0077. மீதி 2 இருக்கிறது. சின்னதில் அதைக் காட்ட இடமில்லை, அவ்வளவுதான். 5-ல் முடிவதை 7-ல் முடிவதால் பெருக்கினால் கடைசியில் 5 வருமே தவிர 7 எப்படி வரும்? அடுத்த இரண்டும் வகுபடவில்லை. 641-க்கு 6700417, சுத்தமாக. திருப்பிப் பெருக்கியும் பார்த்தேன், சரி. 120 ரூபாய் கூடக் கொடுத்தது அந்த 77-க்காகத்தான்.

குறைகளும் உண்டு. நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதுவோ மும்மூன்று இலக்கமாகக் காற்புள்ளி போடுகிறது. மண்டியில் லட்சத்தைத் தேடிக் கண் வலிக்கிறது. மேலே இருக்கும் சோலார் பட்டை வெறும் ஜோடனை: பேட்டரியைக் கழற்றி வெயிலில் வைத்தேன், உயிரே இல்லை.

மூன்றாவது வாரம் = பட்டன் இரட்டையாக அடிக்க ஆரம்பித்தது. எண்ணி 31 தட்டினால் 858 கோடி வந்து நிற்கிறது. கொண்டுபோய்க் காட்டினேன். "கொப்பரைக் கணக்குக்கு யாரு மாஷே முப்பத்தியொரு தடவை அடிக்கிறாங்க?" என்றார், மாற்றித் தரவில்லை. இப்போதெல்லாம் 65536-ஐ 65536-ஆல் பெருக்கிக்கொள்கிறேன்.