போன வழியே திரும்பும் ஸ்பிரிங்: ஓப்பன்சீஸில் எந்த மெட்டீரியல்?

எஃகு வடங்களால் அடித்தளத்தோடு இறுக்கிய, நிலநடுக்கத்தில் ஆடிவிட்டு நிமிர்ந்து நிற்கவேண்டிய கான்கிரீட் சுவர் ஒன்றை, நிலநடுக்கத்தில் கட்டமைப்புகள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் மென்பொருளான ஓப்பன்சீஸில் மாதிரியாக்கினேன். சுவரின் அடியில் ஒரு சுழல் ஸ்பிரிங். அதற்கு ஸ்டீல்01, எலாஸ்டிக்பைலின், எலாஸ்டிக்மல்டிலீனியர் என மூன்று மெட்டீரியல்கள் (ஸ்பிரிங் எவ்வளவு சுழன்றால் எவ்வளவு எதிர்க்கும் என்று சொல்லும் விதிகள்) கண்ணில் பட்டன. கடைசியில் மூன்றாவதில்தான் வந்து நின்றேன்.

ஒரே திசையில் தள்ளினால் மூன்றும் ஒரே கோட்டை வரையும். அங்கேதான் ஏமாந்தேன். பழக்கதோஷத்தில் முதலில் ஸ்டீல்01 கொடுத்து, கைக்கணக்கோடு ஒத்துப்போகிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

விஷயம் சுமை இறங்கும்போது இருக்கிறது. தொடக்க விறைப்பு ரேடியனுக்கு 10,00,000 கிலோநியூட்டன் மீட்டர் என்று வையுங்கள். திருப்புவிசை 2,000 கிலோநியூட்டன் மீட்டரை எட்டும்போது சுவரின் அடி தூக்கிக்கொள்கிறது. அதன்பின் விறைப்பு இருபதில் ஒரு பங்கு. 0.02 ரேடியன் வரை தள்ளினால் 2,900 வரும். இப்போது கையை எடுங்கள். உண்மைச் சுவரில் வடம் இழுக்க, திறந்த இடைவெளி மூடிக்கொள்ளும். சுழற்சி சுழியத்துக்குத் திரும்பும். ஸ்டீல்01 தொடக்க விறைப்பிலேயே இறங்கி 0.0171 ரேடியனில் நின்றுவிடும். 15 மீட்டர் உயரச் சுவரின் உச்சியில் அது ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் சாய்வு! இல்லாத சாய்வு, போதாக்குறைக்கு, சுவர் உறிஞ்சாத ஆற்றலையும் உறிஞ்சியதாகக் கணக்கு எழுதும்.

எலாஸ்டிக்பைலின் போன வழியே திரும்புவதால் இந்தத் தப்பைச் செய்யாது. இரண்டு சரிவு, அவை மாறும் புள்ளி, அவ்வளவுதான் கேட்கும். அதிகம் பயன்படுத்தியதில்லை என்பதால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுவரின் அடி ஒரே நொடியில் தூக்கிக்கொள்வதில்லை. விளிம்பிலிருந்து மெல்லத் திறப்பதால் வளைகோட்டின் முனை மழுங்கியிருக்கும். எலாஸ்டிக்மல்டிலீனியரில் கணக்கிட்ட புள்ளிகளை அப்படியே வரிசையாகக் கொடுத்துவிடலாம், எதிர்ப்பக்கப் புள்ளிகளோடு. ஆற்றலை உறிஞ்சும் கம்பிகளைப் பின்னர் சேர்த்தால், மெட்டீரியல்களைப் பக்கம் பக்கமாக இணைக்கும் பேரலல் மெட்டீரியலில் இதோடு ஒரு ஸ்டீல்01. அதற்கு உரிய இடம் அது.

ஒரு எச்சரிக்கை: கடைசிச் சரிவை இது முடிவில்லாமல் நீட்டிக்கொண்டே போகும். வடமே நிரந்தரமாக நீளத் தொடங்கினாலும் ஸ்பிரிங் சலிக்காமல் தாங்கும். அந்த எல்லையை நாம்தான் தனியே சரிபார்க்க வேண்டும். நிலநடுக்கப் பதிவோடு நான் ஓட்டியது ஒரே ஒரு சுவரைத்தான். ஆகவே தணிப்புக்கு (ஆட்டத்தை மெல்ல அடக்கும் ஆற்றல் இழப்புக்கு) எவ்வளவு கொடுப்பது என்பதில் என் பேச்சை நம்பி இறங்காதீர்கள்.