மின்சார ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில், மாநகரப் பேருந்து: சென்னையில் எதை நம்பிக் கிளம்பலாம்?

சென்னையில் எந்த வண்டி நல்லது என்று பேச்சு வந்தாலே வேகத்தையும் ஏசியையும்தான் முதலில் சொல்கிறார்கள். நான் வேறு மாதிரி கணக்குப் பார்க்கிறேன். வீட்டு வாசலிலிருந்து வண்டியில் கால் வைக்கும் வரை எவ்வளவு நேரம், இறங்கிய பிறகு வேலையிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம், நடுவில் எத்தனை முறை காசு கொடுக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் நான்கும் நான்கு விதமாகத் தெரிகின்றன.

மின்சார ரயிலிலிருந்து ஆரம்பிக்கலாம். பாரிமுனையை ஒட்டிய பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை 1931இலேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. தென்சென்னையின் பாதி அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் வளர்ந்தது, அதனால்தான் மாம்பலத்தில் இறங்கினால் நேராக ரங்கநாதன் தெரு, பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே கடைவீதி. குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து பாரிமுனைப் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு இதற்கு ஈடாக வேறெதுவும் கிடையாது, 21ஜி பேருந்தும் பிராட்வே போகிறது என்றாலும் காலை நெரிசலில் அது ரயிலோடு போட்டி போட முடியாது.

குறை இல்லாமல் இல்லை. பல ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது, மூட்டுவலிக்காரர்கள் மேம்பாலப் படியை ஏறி இறங்குவதற்குள் ரயில் போய்விடும். காலை எட்டரை மணிக்குக் கதவில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. 2025 ஏப்ரலில் இதே தடத்தில் ஏசி மின்சார ரயில் வந்தது, குறைந்தபட்சம் 35 ரூபாய். கதவு தானாக மூடிக்கொள்கிறது, பாதுகாப்பு. ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான், நம் நேரத்துக்கு அது வருமா என்று பார்த்துக் கிளம்ப வேண்டியிருக்கிறது. எனக்குக் கேட்டால், கதவு மூடும் பெட்டி ஏசி இல்லாமலே சாதாரணக் கட்டணத்தில் வர வேண்டும், அதுதான் உயிரைக் காப்பாற்றும்.

மெட்ரோவுக்கு வருவோம். 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் என்று தொடங்கி, இரண்டு வழித்தடங்களாகி, 2021இல் விம்கோ நகர் வரை நீண்டபோது சுமார் 54 கிலோமீட்டர் ஆனது. அதே ஆண்டு அதிகபட்சக் கட்டணத்தை 70இலிருந்து 50 ரூபாயாகக் குறைத்தார்கள், குறைந்தபட்சம் 10 ரூபாய். லிஃப்ட், கழிப்பறை, வெளிச்சம், பெண்கள் இரவு பத்து மணிக்கும் தயங்காமல் ஏறலாம் என்ற நிம்மதி, இவற்றிலெல்லாம் மற்ற மூன்றும் பக்கத்தில்கூட வர முடியாது. அண்ணா நகரிலிருந்து பெட்டியோடு விமான நிலையம் போக வேண்டுமா, யோசிக்கவே வேண்டாம், ஆலந்தூரில் மாறி மெட்ரோவிலேயே போகலாம்.

சிக்கல் ஸ்டேஷனுக்கு வெளியே தொடங்குகிறது. வீடு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தால் ஆட்டோவுக்குக் கொடுப்பது மெட்ரோ டிக்கெட்டைவிட அதிகமாகிவிடுகிறது. திரும்பி வரும்போது மறுபடியும் அதே செலவு. மாதச் சம்பளம் பதினைந்தாயிரம் வாங்குகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. அவர் பைக் வாங்கக் கடன் போடுகிறார், சாலையில் இன்னொரு வண்டி கூடுகிறது.

தூண்கள் மேல் கட்டிய பாதையில் ஓடும் பறக்கும் ரயிலைப் பற்றிப் பேசினாலே எனக்கு ஆதங்கம்தான் வருகிறது. 1995இல் பீச் – சேப்பாக்கம், 1997இல் திருமயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. பாதையைப் பாருங்கள்: சேப்பாக்கம், மயிலாப்பூர், கோட்டூர்புரம், திருவான்மியூரில் டைடல் பார்க் ஐடி வளாகத்தின் வாசல், தரமணி. வேறு ஊராக இருந்தால் இந்தத் தடம் நிரம்பி வழிந்திருக்கும், அதுவும் 5 ரூபாயில். இங்கே ஸ்டேஷன்களைப் பிரம்மாண்டமாகக் கட்டி, கடைகளுக்கென்று விட்ட தளங்கள் பல இடங்களில் காலியாகக் கிடந்து, இருட்டு மண்டி, எட்டு மணிக்கு மேல் தனியாக ஒரு பெண் அந்தப் படிக்கட்டில் ஏறவே தயங்கும் நிலைக்கு விட்டுவிட்டோம். ரயிலும் அடிக்கடி வருவதில்லை, ஒன்றை விட்டால் காத்திருப்புதான். பீச் – எழும்பூர் இடையே நான்காவது ரயில் பாதை போடும் வேலைக்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள், பீச் வரை போய்க்கொண்டிருந்தவர்கள் பேருந்துக்கோ பைக்குக்கோ மாறினார்கள். வேளச்சேரியிலிருந்து, தாம்பரம் ரயில் நிற்கும் பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர் நீட்டிப்பு, 2008இல் வேலை தொடங்கியது, ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலம் கையகப்படுத்துவதில் வழக்கு என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அந்த அரை கிலோமீட்டர் சீக்கிரம் முடிந்திருந்தால் தாம்பரம் ரயிலில் வருகிறவர் கிண்டி நெரிசலில் மாட்டாமல் தரமணி அலுவலகத்துக்குப் போயிருப்பார். இதை மெட்ரோவோடு இணைக்கும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. இணைக்கட்டும், ஆனால் கட்டணத்தை மெட்ரோ அளவுக்கு ஏற்றிவிட்டால் இப்போது வருகிற கூட்டமும் போய்விடும்.

கடைசியாக மாநகரப் பேருந்து. இதைத்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் மெட்ரோவில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் என்றால் பேருந்தில் 30 லட்சத்துக்கு மேல். தண்டவாளம் போகாத இடத்துக்கெல்லாம் இதுதான் போகிறது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு மாறாமல் போக இன்றும் 29சி தான்.

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்றானது. நகரத்துக்குள்ளிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்கள் பலர் அடையாறு, மயிலாப்பூர் பக்கம் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு வெள்ளை போர்டு பேருந்து, அதாவது அந்தச் சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் மாதத்தில் ஒரு மளிகைச் செலவு மிச்சம். எந்த மெட்ரோ திட்டமும் இவ்வளவு நேரடியாக ஒரு வீட்டுக்குள் காசைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. ஆனால் அந்தப் பேருந்து எப்போது வரும்? அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு ஒரே எண்ணில் மூன்று வண்டி வரிசையாக வருகிறது, முதலாவதில் மூச்சுவிட இடமில்லை, மூன்றாவது காலியாகப் போகிறது. ஓட்டுநர், நடத்துநர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவர்களும் அதே நெரிசலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய ஊரில் பேருந்துக்கென்று தனிப்பாதை ஒன்றுகூட இல்லை.

நல்ல மாற்றமும் நடக்கிறது. 2024இல் தாழ்தளப் பேருந்துகள் வந்தன, 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. சக்கர நாற்காலியோடு ஏற முடிகிறது. ஆனால் நிறுத்தத்தில் நடைபாதையே இல்லாமல் வண்டி நடுச்சாலையில் நின்றால் சாய்தளம் இருந்தும் என்ன செய்வது?

2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். வரிசையில் நிற்பது மிச்சம், சில்லறைத் தகராறு இல்லை, நான் எல்லாருக்கும் சொல்வேன். ஆனால் கட்டணம் தனித்தனியாகக் கூட்டித்தான் வருகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குச் சலுகை கிடையாது. மாறுகிறவர்தான் தூரத்திலிருந்து வருகிறவர், பெரும்பாலும் வசதி குறைந்தவர். அவருக்குத்தான் குறைய வேண்டும்.

அப்புறம் என் தேர்வு. தாம்பரம், ஆவடி, திருவொற்றியூர் மாதிரி ரயில் தடத்தில் இருப்பவர்களுக்கு மின்சார ரயில். விமான நிலையம், சென்ட்ரல், கோயம்பேடு என்றால் மெட்ரோ, வயதானவர்களோடு போனாலும் மெட்ரோ. வேளச்சேரி – மயிலாப்பூர் பகலில் பறக்கும் ரயில், இருட்டினால் பேருந்து. மற்ற எல்லாவற்றுக்கும் பேருந்துதான், வேறு வழி இல்லை.

அதனாலேயே காசைப் பேருந்தில் முதலில் போடுங்கள் என்கிறேன். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல். அது வேண்டாம் என்று சொல்லவில்லை, மாதவரமும் சோழிங்கநல்லூரும் பூந்தமல்லியும் அதற்காக நெடுநாள் காத்திருந்த இடங்கள். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டர் காசில் எத்தனை சிறிய பேருந்துகள் மெட்ரோ வாசலிலிருந்து உள்தெருக்களுக்கு ஓட முடியும்! ஆற்காடு சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் (ஓஎம்ஆர்) மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலையை எப்படியும் புதிதாகப் போடத்தான் போகிறார்கள். அப்போதே ஒரு ஓரத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கி, நிழற்குடையும் நடைபாதையும் சேர்த்துப் போடட்டும், போட்ட பிறகு உடைத்துச் செய்ய யாரும் விடமாட்டார்கள்.