சிர்க்கோனியம் மாஸ்டர் அலாய் கட்டி: கஞ்சிக்கோடு, வாளையார் பட்டறைகளுக்கு ஒரு மதிப்பீடு

டபிள்யூ.இ.43 என்ற மக்னீசியக் கலவை உலோகத்தை வார்க்க இறங்கும் பட்டறை முதலில் வாங்கவேண்டிய சரக்கு, மூன்றில் ஒரு பங்கு சிர்க்கோனியம் உள்ள மக்னீசியம் மாஸ்டர் அலாய், அதாவது உருகலில் சிறிதளவு சேர்க்கும் செறிந்த கலவைக் கட்டி. இட்ரியம், நியோடிமியம் சேர்ந்த டபிள்யூ.இ.43இன் மணிகளை, அதாவது உலோகத்துக்குள் இருக்கும் நுண்படிகங்களை, பொடியாக்க இதைவிட நம்பகமான வழி இல்லை. வார்ப்புக்கு நல்ல சரக்கு, வாங்கலாம். ஆனால் சூட்டில் அறுந்துபோகாமல் பல மடங்கு நீளும் ‘சூப்பர்பிளாஸ்டிக் கிரேடு’ என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் குணம் கட்டியில் வருவதில்லை.

சிர்க்கோனியத்துக்கும் மக்னீசியத்துக்கும் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை ஒன்றே, அறுகோணம். இடைவெளியும் ஏறக்குறைய சமம். அதனால் உருகலில் கிடக்கும் சிர்க்கோனியத் துணுக்குகளைப் பற்றிக்கொண்டு மக்னீசியம் உறைகிறது. 1937இல் ஜெர்மனியில் சாவர்வால்ட் கண்டறிந்தது இது. பெரும்பாலும் வேலை செய்பவை 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ள துணுக்குகள்தான். ஆகவே கட்டி வந்ததும் ஒரு துண்டை அறுத்து, பாலிஷ் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். துணுக்குகள் சீராகப் பரவியிருந்தால் சரி. திரள்திரளாக ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள், அவ்வளவும் மூசையின் (உருக்கும் கலத்தின்) அடியில்தான் போய்க் கிடக்கும்.

50 கிலோ உருகலுக்கு 1.5 கிலோ கட்டி, அதாவது அரை கிலோ சிர்க்கோனியம், 1 சதவீதம். உருகலில் கரைவது 0.6 சதவீதத்துக்குள்தான். மிச்சம் துணுக்காக நிற்கும், அல்லது அடியில் படியும். கட்டியை 150 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஈரம் போக்கிவிட்டு, 780 டிகிரி உருகலில் சிறுசிறு துண்டாக இறக்குங்கள். பத்து நிமிடம் அடிவரை கலக்குங்கள். சிர்க்கோனியத்தின் அடர்த்தி 6.5, மக்னீசியத்தினுடையது 1.74, கலக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கியது கசடாகிவிடும். பெரிய துணுக்குகள் படியப் பத்து நிமிடம் விட்டு, அடியைக் கிளறாமல் ஊற்றுங்கள். வார்ப்பு தாமதமானால் மறுபடி கலக்கித்தான் ஆகவேண்டும்.

கெடுவது பெரும்பாலும் அலுமினியத்தால். அலுமினியம் கலந்த மக்னீசிய உலோகமான ஏ.இசட்.91 உருக்கிய மூசையை அப்படியே எடுத்தால், ஒட்டிய அலுமினியம் சிர்க்கோனியத்தோடு சேர்மமாகிப் படிந்துவிடும். சிலிக்கானும் இரும்பும் அதே வேலையைச் செய்யும். இரும்பு மூசையில் அதிகச் சூட்டில் நெடுநேரம் வைப்பதும் தவறு. உருகலை மூடப் போடும் மக்னீசியம் குளோரைடு ஃபிளக்ஸ் உப்பு வேண்டாம், இட்ரியத்தைத் தின்றுவிடும். உருகலில் காற்றுப் படாமல் காக்கும் காவல் வாயு வைத்தே உருக்குங்கள். பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கோணியில் வைத்த ஸ்கிராப்பும் நனைந்ததுபோல் ஈரமாகும், அதை உருகலில் போடுவது வெடியில் முடியும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ‘டி’ வகைத் தீயணைப்புப் பொடிதான்.

சான்றிதழில் மொத்த சிர்க்கோனியம் மட்டும் போட்டால் போதாது. வார்த்த உலோகத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, கரைந்த சிர்க்கோனியத்தின் பங்கைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

இனி சூப்பர்பிளாஸ்டிக். மணி 10 மைக்ரானுக்குக் கீழே இருக்கவேண்டும். அப்போதுதான் சூட்டில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, உலோகம் ஒரே இடத்தில் ஒடுங்கிக் கழுத்துப் பிடிக்காமல் 400 சதவீதத்துக்கும் மேல் நீளும். நல்ல வார்ப்பிலும் மணி பல பத்து மைக்ரான் அளவில்தான் இருக்கும். எக்ஸ்ட்ரூஷன் (அச்சுத் துளை வழியே தள்ளுவது), கோண வழி அழுத்தம் (வளைந்த வழியில் அழுத்தித் தள்ளுவது), உராய்வுக் கலக்கல் (சுழலும் கருவியால் உராய்ந்து கலக்குவது) இவற்றில் ஒன்று பிறகு நடக்கவேண்டும். சாதாரண ஏ.இசட்.31 உலோகத்தில் 400 டிகிரியில் மணி வேகமாக வளர்ந்துவிடும். டபிள்யூ.இ.43இல் இட்ரியம், நியோடிமியம் சேர்ந்த துகள்கள் மணி எல்லைகளைப் பிடித்து நிறுத்துகின்றன. இந்த உலோகத்தின் அருமை இங்கேதான்.

அப்படி நீட்டவும் நேரம் ஆகும். நொடிக்கு 0.001, அதாவது மூல நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற வேகத்தில் 400 சதவீதம் நீட்ட 4000 நொடி, ஒரு மணி நேரத்துக்கும் மேல். 0.01 வேகத்தில் ஏழு நிமிடத்துக்குள் முடியும், ஆனால் அதற்கு மணி இன்னும் பொடியாக இருக்கவேண்டும். அச்சில் உருவாக்கத் தகடு வாங்குபவர் கேட்கவேண்டியது, தான் உருவாக்கப்போகும் வேகத்தில், சூட்டில் இழுத்த சோதனைத் துண்டு.