இல்லிச்சா, மெக்கியோனா, காக்ரனா: எதை மறுபடி படிக்கலாம்?

இவர்களின் மூன்று புத்தகங்களும் 1970-களில் வந்தவை. மூன்றுமே மருத்துவம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு உயிர்களைக் காப்பதில்லை என்கின்றன. சுகாதாரக் கொள்கையில் அக்கறை உள்ளவர்கள் எதை மறுபடி எடுக்கலாம் என்று கேட்டால் நான் காக்ரனைத்தான் சொல்வேன்.

சமூக விமர்சகர் இவான் இல்லிச்சின் ‘மெடிக்கல் நெமிசிஸ்’ (1975) ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போகும். மருத்துவ அமைப்பே உடல்நலத்துக்குப் பேராபத்தாகிவிட்டது என்று தொடக்கத்திலேயே போட்டு உடைக்கிறார். வலியையும் சாவையும் எதிர்கொள்ளும் நம் சொந்தத் திராணி பறிபோகிறது என்று அவர் எழுதும் பகுதி இன்றைக்கும் சுடுகிறது, ஆனால் படித்து முடித்து, சரி, அடுத்த வருடம் எந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவது என்று யோசித்தால் கையில் ஒன்றும் நிற்காது.

பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் மெக்கியோனின் ‘தி ரோல் ஆஃப் மெடிசின்’ (1976) நிதானமானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காசநோய்ச் சாவுகள், 1947-இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து வருவதற்கு முன்பே பெருமளவு குறைந்துவிட்டன என்று காட்டுகிறார். அந்தப் பெருமையை முக்கியமாக ஊட்டச்சத்துக்குக் கொடுத்ததில்தான் சிக்கல். நகரங்கள் போராடிக் கொண்டுவந்த குடிநீர், சாக்கடை வசதிகளை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று 1988-இல் வரலாற்றாசிரியர் சைமன் ஸ்ரெட்டர் எழுதிய மறுப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரனின் ‘எஃபெக்டிவ்னெஸ் அண்ட் எஃபிஷியன்சி’ (1972) மெல்லிய புத்தகம். இரண்டாம் உலகப் போரில் கிரேக்க நகரமான சலோனிகாவில் போர்க்கைதியாக இருந்தவர், சுமார் 20,000 கைதிகளுக்குப் பல நாள் அவர் ஒருவர்தான் டாக்டர். அரைப்பட்டினி, டைபாய்டு, தொண்டை அடைப்பான், மருந்தோ பேருக்குத்தான். நூற்றுக்கணக்கில் சாவார்கள் என்று பயந்தார். செத்தது நான்கு பேர், அதில் மூவர் ஜெர்மானியர் சுட்டதால். இதில் தன் திறமை எதுவும் இல்லை, உடம்பு தானே தேறிக்கொண்டது என்று வெளிப்படையாக எழுதுகிறார்.

அப்படியென்றால் மருத்துவமே வேண்டாமா? இல்லை, சோதித்துப் பாருங்கள் என்கிறார். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்து, பலன் தெரிந்ததற்குச் செலவிடுங்கள். மாணவராக இருந்தபோது ஓர் ஊர்வலத்துக்குத் தன் சொந்தப் பதாகையோடு போயிருக்கிறார்: ‘பலனளிக்கும் சிகிச்சை எல்லாம் இலவசமாக வேண்டும்.’ ‘இலவசம்’ நம் கண்ணில் உடனே படும், ‘பலனளிக்கும்’ என்பதைத் தாண்டிப் போய்விடுவோம். ஒரு புதிய நோய்ப் பரிசோதனைத் திட்டத்தின் அறிவிப்பை இந்தச் சொல்லோடு படித்துப் பாருங்கள், எத்தனை கேள்விகள் வருகின்றன!

அதனால் முதலில் காக்ரன், அப்புறம் ஸ்ரெட்டரோடு சேர்த்து மெக்கியோன். இல்லிச்சைக் கடைசியில் எடுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.